ஆறுதல் கூறுவோர்க்கு யார் ஆறுதல்?

மனிதன் தன் துயரைத் தன்னையொத்த ஒருவரிடம் சொல்லி ஆற்றிக்கொள்ளும் இயல்பினன். வணிகர்க்கு வணிகர் சங்கம் உண்டு. ஆசிரியர்க்கு ஆசிரியர் அறை உண்டு. உழவர்க்குச் சந்தைத் திடல் உண்டு. தருமபுரி மாவட்டம் காரிமங்கலத்தில் செவ்வாய்தோறும் கூடும் வாரச்சந்தையைக் கண்டவர்கள் இதனை நன்கு அறிவர். ஆடும் மாடும் விற்க வருவோர் விலை மட்டுமா பேசுகின்றனர்? மழை பொய்த்ததையும், கடன் முற்றியதையும், மகளுக்கு வரன் அமையாததையும் மற்றோர் உழவரிடம் சொல்லி, நெஞ்சின் பாரம் சற்றே குறைந்தவர்களாக வீடு திரும்புகின்றனர். ஆனால் காரிமங்கலம் போன்ற ஊர்களிலும் அவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் பள்ளிவாசல் இமாம்களாகப் பணியாற்றும் ஆலிம் பெருமக்களுக்கு இத்தகைய திடல் ஏதும் இல்லை.

ஊரார் அனைவர்க்கும் ஆறுதல் கூறுபவர் இமாம். அவர்க்கு ஆறுதல் கூறுபவர் யார்? அண்டை மஹல்லாக்களைச் சேர்ந்த இமாம்கள் அறுவர் எழுவராக, மாதம் ஒருமுறை கூடி, மனம்விட்டுப் பேசிக்கொள்ளும் சிறு தோழமை அவைகள் வட்டாரந்தோறும் அமைய வேண்டும். அதற்குரிய நேரத்தை ஜமாஅத்துகள் சலுகையாக அன்றிப் பணியின் பகுதியாகவே வழங்க வேண்டும். இதனை வலியுறுத்துவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இமாமின் தனிமை

வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத், 1924ஆம் ஆண்டு காக்கா முஹம்மது உமர் அவர்கள் நிறுவிய உம்ராபாத் ஜாமிஆ தாருஸ்ஸலாம் முதலான அரபுக் கல்லூரிகளில் மாணவர்கள் பல்லாண்டுகள் ஒன்றாக வாழ்கின்றனர். ஒரே கூடத்தில் உறங்கி, ஒன்றாக உண்டு, ஒரே கிதாபை ஓதி, ஐயங்களை ஒருவர்க்கொருவர் தீர்த்துக்கொள்கின்றனர். பட்டம் பெற்ற மறுநாளே அத்தோழமை கலைகிறது. இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இளைஞர் ஒருவர் முன்பின் அறியாத ஊருக்கு வந்து, ஓர் அறையில் தனியே தங்கி, தம் தந்தையினும் மூத்தோர்க்கெல்லாம் தலைவராக முன்னின்று தொழவைக்கத் தொடங்குகிறார்.

அவருடைய ஒரு நாளை எண்ணிப் பார்ப்போம். வைகறைக்கு முன் எழுந்து ஸுப்ஹுத் தொழுகை. பின் மக்தபில் சிறுவர்க்கு ஓதிக்கொடுத்தல். இடையே நோயாளியைக் காணல். காய்ச்சல் கண்ட குழந்தைக்கு ஓதிப் பார்த்தல். மாலையில் மீண்டும் மக்தப். திருமணம் என்றால் நிக்காஹ் ஓத அவர் வேண்டும். மரணம் என்றால் ஜனாஸாத் தொழுகைக்கு அவர் வேண்டும். கணவன் மனைவி பிணங்கினால் இருபுறமும் கேட்டு இணைத்துவைக்கவும் அவரே வேண்டும். ஐவேளைத் தொழுகை அவரைப் பள்ளியோடு பிணைத்திருப்பதால், இரு பாங்குகளுக்கு இடைப்பட்ட நேரமே அவர் எவ்வளவு தொலைவு செல்லலாம் என்பதை முடிவு செய்கிறது. சொந்த ஊரில் இருக்கும் மனைவி மக்களைக் காண வேண்டுமானாலும் தமக்குப் பகரமாக ஒருவரைத் தேடிவைத்த பின்னரே பேருந்து ஏற இயலும்.

தக்கினி உருது பேசுவோரும் தமிழ் பேசுவோரும் கலந்து வாழும் நம் வடமேற்கு மாவட்டங்களில் இன்னுமொரு சிக்கல் உண்டு. ஜுமுஆ பயான் ஒரு மொழியில் அமைந்தால் மற்றவர்க்கு மனக்குறை. பயான் நீண்டால் ஒரு குறை. சுருங்கினாலும் ஒரு குறை. அலுவலகத்தில் பணிபுரிவோர்க்கு மேலதிகாரி ஒருவர். இமாமுக்கோ முன்வரிசை முழுவதும் மேலதிகாரிகளே! தம் மனச்சோர்வை, கடன் சுமையை, இல்லத்துப் பிணக்கை அவர் அவ்வரிசையில் இருப்போரிடம் எவ்வாறு சொல்ல இயலும்? சொன்னால் மதிப்புக் குறையுமோ, பணியே போய்விடுமோ என்னும் அச்சம் இயற்கையானது. ஊரின் மறைபொருள்களையெல்லாம் நெஞ்சில் பூட்டி வைத்திருப்பவர், தம் மறைபொருளைத் திறந்து காட்ட ஓர் இடமின்றித் தவிக்கிறார்.

ஆலிம் ஆனவர்க்கும் மனச்சோர்வு வருமா என வினவுவோர் உளர். இமாம் கஸ்ஸாலி அவர்கள் 1095ஆம் ஆண்டு பக்தாத் நிஜாமிய்யாவின் தலைமைப் பேராசிரியராக விளங்கியபோதே மனப்போராட்டத்துக்கு ஆட்பட்டார்கள். பாடம் நடத்த நா எழவில்லை, உணவு இறங்கவில்லை, இந்நோயின் வேர் உள்ளத்தில் இருக்கிறது என மருத்துவர்கள் கைவிரித்தனர். இதனைத் தம் தன்வரலாற்று நூலில் அப்பெருந்தகையே மறைக்காமல் எழுதியுள்ளார்கள். கடலனைய கல்வியாளர்க்கே இந்நிலை நேர்ந்ததெனில், சிற்றூரில் தனித்து நிற்கும் இளைஞர்க்கு நேர்வது வியப்பன்று, குற்றமும் அன்று.

முன்னோர் காட்டிய நெறி

தோழமை அவை என்பது மேலைநாட்டிலிருந்து இரவல் வாங்கும் புதுமை என எவரும் கருத வேண்டியதில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் முஆத் இப்னு ஜபல் (ரலி), அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) ஆகிய இருவரையும் யமன் நாட்டுக்கு அனுப்பியபோது, ஆளுக்கொரு பகுதியை ஒப்படைத்தார்கள். மக்களுக்கு எளிமையாக்குங்கள், கடினமாக்காதீர்கள் என்பதோடு, நீங்கள் இருவரும் ஒருவர்க்கொருவர் இணங்கி நடந்துகொள்ளுங்கள் என்றும் அறிவுறுத்தினார்கள். அவ்விருவரும் தத்தம் பகுதியில் பயணம் செய்கையில், மற்றவர் இருக்கும் இடத்தை நெருங்கினால் சென்று கண்டு உறவைப் புதுப்பித்துக்கொண்டனர் என புகாரீ நூல் தெரிவிக்கிறது.

அவர்கள் சந்தித்தபோது பேசியது யாது? நீர் குர்ஆனை எவ்வாறு ஓதுகிறீர் என ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டனர். இரவின் முற்பகுதியில் உறங்கிப் பின்னர் எழுந்து ஓதுவதாகவும், விழித்து வணங்குவதற்கு நன்மை எதிர்பார்ப்பதைப் போன்றே உறக்கத்துக்கும் நன்மை எதிர்பார்ப்பதாகவும் முஆத் (ரலி) கூறினார்கள். இரண்டு மார்க்கப் பணியாளர்கள் தம் பணியையும் ஓய்வையும் பற்றி மனம்விட்டுப் பேசிக்கொண்ட இந்நிகழ்ச்சியைவிடச் சிறந்த முன்மாதிரி நமக்கு வேறென்ன வேண்டும்?

சல்மான் பார்ஸீ (ரலி), அபுத்தர்தா (ரலி) ஆகியோரின் வரலாறும் எண்ணத்தக்கது. நபிகளாரால் உடன்பிறப்புகளாக இணைக்கப்பட்டவர்கள் இவர்கள். பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை என்று வாழ்ந்த அபுத்தர்தாவின் இல்லத்துக்கு வந்த சல்மான், அவருடைய மனைவியார் தம்மைப் பேணாத கோலத்தில் இருப்பதைக் கண்டு நிலைமையை உணர்ந்தார்கள். தோழரை உண்ணச் செய்தார்கள், உறங்கச் செய்தார்கள், இரவின் கடைப்பகுதியில் எழுப்பி இருவரும் சேர்ந்து தொழுதார்கள். இறைவனுக்கு உம்மீது உரிமை உண்டு. உம் உடலுக்கும் உரிமை உண்டு. உம் குடும்பத்துக்கும் உரிமை உண்டு எனச் சல்மான் எடுத்துரைத்ததை நபிகளாரும் உண்மையென உறுதிப்படுத்தினார்கள். பக்தியால் தன்னை வருத்திக்கொள்பவரைத் தடுத்து நிறுத்தும் உரிமை ஓர் ஒத்த தோழர்க்கே வாய்க்கும். முத்தவல்லி சொன்னால் அது கட்டளை. மனைவி சொன்னால் அது முறையீடு. தோழர் சொன்னால்தான் அது மருந்து.

தமிழ் மரபும் இதற்கு மாறுபட்டதன்று. வள்ளுவர் நட்பை ஆராய ஐந்து அதிகாரங்கள் வகுத்தார். நகைத்து மகிழ்வதற்காக மட்டுமன்றி, எல்லை மீறும்போது இடித்துரைப்பதற்காகவும் நட்பு வேண்டும் என்பது அவர் கருத்து. அதியமானும் ஔவையும் நட்பால் சிறந்த தகடூரே இன்றைய தருமபுரி. அம்மண்ணில் இக்கருத்தைக் கூறுவது பொருத்தமேயாகும்.

பிற சமயத்தார் அனுபவம்

பௌத்தத் துறவியர் மழைக்காலத் தங்கலின் முடிவில் 'பவாரணை' என்னும் நிகழ்ச்சியை நடத்துவர். ஒவ்வொரு துறவியும் தம்மிடம் கண்ட, கேட்ட, ஐயுற்ற குறைகளைக் கூறுமாறு உடன் துறவியரை வேண்டிக்கொள்வார். கத்தோலிக்கத் திருச்சபையின் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு, குருக்கள் தியானங்களில் பங்கேற்க வேண்டும் என்கிறது. அவர்கள் ஓரளவேனும் கூடி வாழும் முறையைப் பெரிதும் பரிந்துரைக்கிறது. 1997இல் உருவான தருமபுரி மறைமாவட்டத்தின் குருக்களுக்கும் இச்சட்டமே பொருந்தும்.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் மெதடிஸ்ட் போதகர்களின் உடல்நலத்தையும் மனநலத்தையும் டியூக் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்தனர். 2013இல் வெளியான முடிவின்படி, பொதுமக்களில் 5.5 விழுக்காட்டினர்க்கு மனச்சோர்வு காணப்பட, போதகர்களில் 8.7 விழுக்காட்டினர்க்கு அது காணப்பட்டது. நம் இமாம்களின் நிலையும் இவ்வெண்களே என்று கூற இயலாது. எனினும் பிறர் துயரைச் சுமப்பவரும் சுமையால் தளர்வர் என்னும் பொது உண்மையை இவ்வாய்வு உணர்த்துகிறது.

இருப்பனவும் இல்லாததும்

ஆலிம்களுக்காக நம்மிடையே ஏதுமே இல்லை என்பது நன்றி மறந்த கூற்றாகும். மாநில அளவிலும் மாவட்ட அளவிலும் ஜமாஅத்துல் உலமா சபை இயங்குகிறது. இலங்கையில் அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா 1924 முதல் பணியாற்றி வருகிறது. இமாம்களுக்கு ஊதியம் பெறும் உரிமை உண்டு என உச்ச நீதிமன்றம் 1993 மே 13ஆம் நாள் தீர்ப்பளித்தது. தமிழக அரசு 2009இல் உலமாக்கள் மற்றும் பணியாளர்கள் நல வாரியத்தை அமைத்தது. இவை யாவும் போற்றத்தக்கவை.

ஆயினும் சபைக் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற்றலாம். மார்க்கச் சட்டம் ஆராயலாம். கண்ணீர் விட இயலாது. வாரியத்தில் விண்ணப்பம் அளிக்கலாம். உள்ளத்தை அளிக்க இயலாது. நூறு பேர் கூடும் அவையில் ஒருவரும் தம் குறையைச் சொல்ல மாட்டார். ஆறு பேர் கூடும் திண்ணையில்தான் வாய் திறக்கும். சபை என்னும் பெருமரத்தின் நிழலிலேயே இச்சிறு அவைகளும் தழைக்கலாம். அதற்குப் போட்டியாக எழ வேண்டிய தேவையில்லை.

அமைக்கும் முறை

முதலாவதாக, எண்ணிக்கை எட்டுக்கு மேற்படலாகாது. இரண்டாவதாக, நேரம் முற்பகல் பத்து மணி முதல் பன்னிரண்டு வரை இருத்தல் நலம். காலை மக்தப் முடிந்திருக்கும். லுஹருக்குள் அவரவர் பள்ளிக்குத் திரும்பிவிடலாம். காரிமங்கலம் போன்று நெடுஞ்சாலையும் பேருந்தும் உள்ள ஊரை நடுவிடமாகக் கொண்டால் சுற்றுப்புறத்தார் எளிதில் வந்து சேர்வர். வெள்ளியும் ரமலானும் தவிர்க்கப்பட வேண்டும். ஆனால் ரமலான் முடிந்த அடுத்த மாதத்துக் கூட்டம் தவறவே கூடாது. ஒரு மாதம் தராவீஹ் தொழவைத்துக் களைத்தவர்க்கு அப்போதுதான் தோழமை மிகுதியும் தேவை.

மூன்றாவதாக, தலைவர், செயலர் என்னும் பதவிகள் வேண்டா. முறைவைத்து ஒருவர் கூட்டத்தைத் தொடங்கி வைக்கட்டும். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிட்டு அறிவுரை வழங்காது கேட்கட்டும். கேட்டால் மட்டும் கருத்துரைக்கட்டும். பாங்கு சொல்லும் முஅத்தின்களையும் மறக்கலாகாது. அவர்களுக்கும் இதேபோன்ற அவை வேண்டும்.

நான்காவதாக, அங்குப் பேசியது அங்கேயே அடங்க வேண்டும். ஒருவர் ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு அக்கம்பக்கம் திரும்பிப் பார்ப்பாராயின் அச்செய்தி அமானிதமாகும் என்பது நபிமொழியின் கருத்து. இவ்வமானிதம் ஒருமுறை உடைந்தால் அவையும் உடையும். மஹல்லாவாசிகளின் குடும்ப மறைபொருள்களைப் பெயர் சுட்டிப் பேசுவதும் கூடாது.

ஐந்தாவதாக, அவை மருத்துவத்துக்கு மாற்றாகாது. உறக்கமின்மை தொடர்ந்தாலோ, வாழ்வே வேண்டா என்னும் எண்ணம் தலைகாட்டினாலோ, உடனிருப்போர் அவரைத் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட 'டெலி மானஸ்' தொலைபேசிச் சேவையை 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம்.

ஐயங்களும் விடைகளும்

இமாம்கள் கூடினால் நிர்வாகத்துக்கு எதிரான சங்கமாகிவிடுமே எனச் சில முத்தவல்லிகள் அஞ்சக்கூடும். ஊதியம் குறித்துப் பேச வேறு அவைகள் உள்ளன. ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மனம்விட்டுப் பேசும் இடத்தில் ஊதியக் குறையும் ஒருநாள் பேச்சில் வரத்தான் செய்யும். நீதியாக நடக்கும் ஜமாஅத்துக்கு அதனால் அச்சமில்லை. நீதி குறைந்த ஜமாஅத்துக்கு அது திருத்திக்கொள்ளும் வாய்ப்பாகும்.

மார்க்கம் கற்றவர் இறைவனிடம் முறையிட்டால் போதாதா என வினவுவோரும் உளர். இறைவனிடமே முறையிட வேண்டும், ஐயமில்லை. ஆனால் இறைத்தூதர் மூஸா (அலை) அவர்கள் பிர்அவ்னிடம் செல்லப் பணிக்கப்பட்டபோது இறைவனிடமே கேட்டது யாது? தம் பணியில் பங்குகொள்ளத் தம் உடன்பிறந்தார் ஹாரூன் வேண்டும் என்பதன்றோ! துணை வேண்டுவதும் பிரார்த்தனையின் ஒரு பகுதியே.

நிறைவாக

பெரியோர்களே! பள்ளிவாசலுக்குப் பளிங்குத் தரை அமைக்கவும் மினாரா உயர்த்தவும் நாம் வாரி வழங்குகிறோம். இமாமின் உள்ளத்தைக் காக்க நாம் வழங்க வேண்டியது மாதத்தில் ஒரு முற்பகலும், பேருந்துக் கட்டணமும், எங்குச் சென்றீர், யாது பேசினீர் எனக் கேளாத பெருந்தன்மையும் மட்டுமே. மாணவச் செல்வங்களே! உங்கள் ஊர் இமாமைக் காணும்போது ஐயங்களை மட்டும் கேளாமல், நலமா ஹஜ்ரத் எனவும் கேளுங்கள். விடை வரும்வரை சற்று நில்லுங்கள். ஆலிம் பெருமக்களே! அண்டைப் பள்ளி இமாமின் வாயிலை நீங்களே முதலில் தட்டுங்கள். இருவர் கூடினாலே அவை தொடங்கிவிட்டது.

முஆதும் அபூமூஸாவும் யமனில் ஒருவரையொருவர் தேடிச் சென்றதுபோல், காரிமங்கலத்துச் சாலையிலும் இமாம்கள் ஒருவரையொருவர் தேடிச் செல்லும் நாள் விரைவில் மலர வல்ல இறைவன் அருள்புரிவானாக!