‘ஆம்’ உதிர்ந்த செய்திகள்

யூபிலி மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுவினர் எம்மைக் கேட்டபொழுது, தமிழாசிரியர் என்னும் முறையில் சங்க இலக்கியத்தைப் பற்றியோ நாவலர் பெருமானின் வசனநடையைப் பற்றியோ எழுதுவோம் என அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். அவை பற்றி எழுத எம்மினும் வல்லார் எமது கல்லூரிச் சமூகத்திற் பலர் உளர். நாம் எடுத்துக்கொண்ட பொருள் கைத்தொலைபேசி. இன்னும் திருத்தமாகக் கூறின், கைத்தொலைபேசி முதலிய கருவிகளைப் பற்றி அக்கருவிகளின் வழியாகவே பரவும் பொய்ச்செய்திகள். இது தமிழாசிரியருக்குரிய பொருளோ என வினவுவோர் சிறிது பொறுத்து வாசிப்பாராக.

எமது ஒழுங்கையில் இளைப்பாறிய கணித ஆசிரியர் ஒருவர் வசிக்கின்றார். இக்கல்லூரியின் பழைய மாணவர், எமக்கும் கற்பித்தவர். மனைவியார் காலமான பின் தனியே வாழ்கின்றார்; மக்கள் இருவரும் கனடாவில் உளர். ஒருநாள் மாலை அவருடைய தொலைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. அன்றிரவு 12.30 மணி முதல் 3.30 மணி வரை செவ்வாய்க் கிரகத்திலிருந்து அண்டக் கதிர்கள் பூமியை வந்தடையும், தொலைபேசியை அணைத்து உடலுக்கு எட்டத்தில் வைத்துவிடுக, நாசாவும் பி.பி.சி.யும் அறிவித்துள்ளன, உற்றார் உறவினர் எல்லார்க்கும் அனுப்புக. அனுப்பியவர் எமது பழைய மாணவர் குழுவைச் சேர்ந்த ஓர் அன்பரே. மாஸ்ரர் அவ்வாறே தொலைபேசியை அணைத்து முன்விறாந்தை மேசையில் வைத்துவிட்டு உறங்கச் சென்றார். இரவு 2 மணியளவில் குளியலறையில் வழுக்கி வீழ்ந்து இடுப்பெலும்பு முறிந்தது. தவழ்ந்து கட்டிலருகே வந்தவர், நாள்தோறும் தொலைபேசி இருக்கும் முக்காலி வெறுமையாய் இருக்கக் கண்டார். விறாந்தை வரை செல்ல உடலிற் பலமில்லை. கனடாவிலிருந்து மகள் இருமுறை அழைத்துப் பார்த்து, தந்தையார் துயில்கின்றார் என எண்ணி விட்டுவிட்டார். காலை 6 மணிக்குப் பால் கொண்டுவந்தவர் முனகல் கேட்டு அயலவரைக் கூவி அழைத்தார்.

வைத்தியசாலையில் அவரைப் பார்க்கச் சென்றபொழுது அவர் எம்மிடம் கூறிய முதல் வார்த்தை, “தம்பி, பி.பி.சி.யே சொன்னதாம்” என்பது.

அண்டக் கதிர்கள் உண்மையிலேயே உண்டு. ஒஸ்திரிய விஞ்ஞானி விக்ரர் ஹெஸ் 1912ஆம் ஆண்டு பலூனில் 5000 மீற்றருக்கு மேல் ஏறி அளந்து அவற்றைக் கண்டறிந்தார். 1936இல் நோபல் பரிசும் பெற்றார். அக்கதிர்கள் இரவென்றும் பகலென்றும் பாராது எந்நேரமும் பூமியின்மீது வீழ்ந்துகொண்டேயிருக்கின்றன. தொலைபேசியை அணைத்தால் அவை விலகுவதுமில்லை, அணையாதிருந்தால் நெருங்குவதுமில்லை. இச்செய்தியோ நாம் அறியப் பல ஆண்டுகளாக ஒரே நேரக்கணக்குடன் உலாவி வருகின்றது. ‘இன்றிரவு’ என்று கூறுவதன்றித் திகதி கூறுவதில்லை. ஆதலின் அது என்றும் பழசாவதில்லை.

நிற்க. மாஸ்ரர் வாயில் வந்த அந்த ‘ஆம்’ என்னும் சொல்லை நோக்குக. “மழை பெய்தது” என்பான் கண்டவன். “மழை பெய்ததாம்” என்பான் கேட்டவன். பிறர்வாய்க் கேட்டதைத் தான் கண்டதுபோற் கூறாதிருக்கத் தமிழ் எமக்கு இச்சிறு சொல்லைத் தந்துள்ளது. இதற்கு நான் சாட்சியல்லேன், வேண்டுமாயின் விசாரித்து அறிக என்னும் பொருள் முழுவதும் அவ்விரண்டெழுத்தில் அடங்கிக் கிடக்கின்றது. எழுதப் படிக்க அறியாத எம் பாட்டிமாரும் இதனை வழுவின்றி வழங்கினர். எத்தனையோ மொழிகள் இப்பொருளைக் கூறத் தனி வாக்கியம் ஒன்றை வேண்டி நிற்கத் தமிழுக்கு ஓர் ஈற்றுச்சொல் போதுமாயிற்று.

இப்பொழுது தொலைபேசியில் ஒருவர் அனுப்பிய செய்தியை மற்றொருவர்க்கு அனுப்ப விரலால் ஒருமுறை தொட்டாற் போதும். வாயாற் சொல்லுமிடத்துத் தானாக வந்து ஒட்டும் ‘ஆம்’, விரலால் தொடுமிடத்து வந்து ஒட்டுவதில்லை. “வெடிக்குமாம்” என்றிருக்க வேண்டியது “வெடிக்கும்” என்றே ஊர் சுற்றுகின்றது. நூறு கை மாறினும் ஒருவர்தாமும் தாம் கேட்டவரே என்று ஒப்புக்கொண்டதற்கு அதில் அடையாளம் இல்லை. எமது கருத்தில் இக்காலத்துப் பொய்ச்செய்தியின் பலம் பெரும்பாலும் இங்கேதான் உளது.

எம் முன்னோர் இதனை அறியாதவரல்லர். சிவஞான சித்தியார் சுபக்கம் அளவையை முன்வைத்தே தொடங்குகின்றது. பிறர் பத்தென விரித்த அளவைகளையும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அது அடக்கும். உரை என்பது கேட்ட பேச்சு எல்லாம் அன்று; ஐயமும் திரிபும் அற்ற, நம்பத்தக்கவன் வாக்கே உரை. அனுப்பியவர் எமது அன்பர் என்பதனால் அவர் அனுப்பியதும் உரையாகிவிடாது. அவர் சொன்னவரல்லர், கொண்டுவந்தவர் மாத்திரமே. தபாற்காரர் நல்லவர் என்பதற்காகக் கடிதத்தில் உள்ளதெல்லாம் மெய் என்று கொள்வார் உளரோ?

ஆயினும் எம்மவர் வாய்ச்செய்தியை எளிதில் நம்புவதற்கு ஒரு வரலாறு உண்டு. அதனை அறியாது நகைப்பவர்மீது எமக்குச் சினமே வரும். 1990களில் வடக்கில் மின்சாரம் இல்லை. மின்கலமும் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் ஒன்றாய் இருந்தது. மிதிவண்டியைத் தலைகீழாக நிறுத்தித் தைனமோவைச் சுழற்றி ஒருவர் மிதிக்க, மற்றவர் சூழ்ந்திருந்து வானொலிச் செய்தி கேட்ட காலம் அது. எந்தப் பாதை திறந்திருக்கிறது, எங்கே ஷெல் வீழ்கிறது என்பன அயலவர் வாய்வழியே வந்தன. விசாரித்து அறிய நேரமில்லை. நம்பி எழுந்து ஓடியவர் பிழைத்தார். அவ்வாறு உயிர் காத்த பழக்கம் ஆபத்து நீங்கிய பின்னும் எம்மை விட்டு நீங்கவில்லை.

பிறரை மாத்திரம் கூறுவது முறையன்று. நாமும் இக்குற்றம் செய்தோம். முதன்முதற் கைத்தொலைபேசி வாங்கிய நாளிற் கடைக்காரர் எமக்கு ஓர் உபதேசம் செய்தார்: மின்கலத்தை முற்றாக வடியவிட்ட பின்னரே மீண்டும் மின்னேற்ற வேண்டும், இடையில் ஏற்றினால் அதன் கொள்ளளவு குறைந்துவிடும். அதனை நாம் வேதவாக்காகக் கொண்டோம். பல ஆண்டுகளின் பின் பழைய மாணவர் குழுவில் அதனையே ஒரு குறிப்பாக எழுதி வெளியிட்டோம். நல்ல தமிழில், ஓர் ஆசிரியர் பெயரோடு வந்தமையால் அது மேலும் நம்பப்பட்டது. பிழைக்கு எம் இலக்கணம் துணைபோயிற்று என்பதை இன்று நினைத்தாலும் நாணம் வருகின்றது.

எம்மைத் திருத்தியவன் உயர்தரப் பௌதிகவியல் மாணவன் ஒருவன். அவன் குழுவில் எழுதவில்லை. பாடம் முடிந்தபின் ஆசிரியர் அறை வாயிலில் நின்று, “சேர், நீங்கள் எழுதியது நிக்கல்-கட்மியம் மின்கலத்துக்குச் சரி. எங்கள் தொலைபேசியில் இருப்பது வேறு வகை” என்றான். அவ்வளவே. பிழை என்ற சொல்லை அவன் சொல்லவேயில்லை. அது எங்கே மெய்யாயிருந்தது என்று மாத்திரம் காட்டினான். தேடிப் படித்தபொழுது அவன் கூறியது முற்றும் உண்மையாயிற்று. பழைய நிக்கல்-கட்மியம் மின்கலங்கள் முற்றாக வடியாமுன் திரும்பத் திரும்ப ஏற்றப்பட்டால் கொள்ளளவு குன்றும் என்பர். 1991இல் யப்பானின் சொனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த இலிதியம்-அயன் மின்கலத்துக்கு அவ்விதி பொருந்தாது. முற்றாக வடியவிடுவதே அதனை வருத்தும். இடையிடையே சிறிது சிறிதாக ஏற்றுவது அதற்கு நன்று. வெப்பமே அதன் பகை. இம்மின்கலத்தை ஆக்கியமைக்காக ஜோன் குடினஃப், ஸ்ரான்லி விற்றிங்காம், அக்கிரா யொஷினோ ஆகிய மூவர் 2019இல் இரசாயனவியல் நோபல் பரிசு பெற்றனர். குடினஃப் அவர்களுக்கு அப்பொழுது வயது 97. இளைப்பாறிய அன்பர்கள் கவனிப்பாராக.

கருவிகளைப் பற்றிய பொய்களுட் பல இவ்வாறு இறந்துபோன மெய்களே. முன்னொரு கருவிக்குப் பொருந்திய விதி, அக்கருவி மறைந்த பின்னும் புதிய கருவியில் வந்து குடிகொள்கின்றது. இரவு முழுதும் மின்னேற்றியிற் கிடந்தால் தொலைபேசி வெடிக்கும் என்பதும் ஏறக்குறைய அத்தகையது. நிறைந்தவுடன் ஏற்றத்தை நிறுத்தும் சுற்று இக்காலத் தொலைபேசியினுள்ளேயே உளது. நூற்றுக்கு எண்பதுடன் நிறுத்தும் வசதியும் பல தொலைபேசிகளில் வந்துவிட்டது. ஆயினும் தலையணைக்கடியில் வைத்து ஏற்றுவதும், மலிவான போலி மின்னேற்றியைப் பயன்படுத்துவதும் தீங்கே. பொய் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டால் இந்த எச்சரிக்கையும் உடன் தள்ளப்பட்டுவிடும். நீரில் வீழ்ந்த தொலைபேசியை அரிசிக்குள் புதைக்கும் வைத்தியம் பற்றி விரித்தெழுத வேண்டுவதில்லை. அரிசியின் துகள் உட்புகுந்து கேடு செய்யலாம் என்று 2024இல் அப்பிள் நிறுவனமே தன் பாவனையாளர்க்கு அறிவித்தது. அரிசி சோற்றுக்கே ஆகட்டும்.

இனி, திருத்தப் புகுவோர்க்கு ஒரு வார்த்தை. வதந்தி எல்லாம் பொய் என்று கொள்வதும் ஒரு மூடநம்பிக்கையே. 2016இல் சம்சுங் நிறுவனத்தின் கலக்சி நோட் 7 தீப்பற்றுகின்றது என்ற செய்தி பரவிற்று; அது மெய்யாயிருந்தது. தொலைபேசிகள் மீளப் பெறப்பட்டு, ஒக்டோபரில் உற்பத்தியே நிறுத்தப்பட்டது. மின்கலங்களிலேயே குறை இருந்தது என்று 2017 சனவரியில் அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது. புதியதை வாங்கச் செய்வதற்காக அப்பிள் பழைய ஐபோன்களின் வேகத்தைக் குறைக்கின்றது என்று பலர் முணுமுணுத்து வந்ததனை அறிந்தோர் நெடுங்காலம் நகைத்தனர். 2017 டிசெம்பரில் ஜோன் பூல் என்பவர் பல தொலைபேசிகளின் வேக அளவுகளைத் திரட்டி வரைபடமாக வெளியிட்டார். சில நாள்களுள், மின்கலம் தளர்ந்த தொலைபேசிகளின் வேகத்தைக் குறைப்பது உண்மையே என்று நிறுவனம் ஒப்பியது. தொலைபேசி திடீரென அணைந்துவிடாமற் காக்கவே அவ்வாறு செய்ததாகக் காரணம் கூறி, மாதம் முடியுமுன் மன்னிப்பும் கேட்டு, மின்கலம் மாற்றும் கட்டணத்தை 79 டொலரிலிருந்து 29 டொலராகக் குறைத்தது. மக்கள் கூறிய காரணத்தை நிறுவனம் ஏற்கவில்லை, செயலை மறுக்கவுமில்லை. நகைத்தவரால் அவ்வழக்குத் தீரவில்லை, அளந்தவரால் தீர்ந்தது.

எமது குழுவில் நடப்பதோ வேறு. பொறியியலாளரும் வைத்தியரும் விரிவுரையாளரும் அங்கே நிறைந்துள்ளனர். அண்டக் கதிர்ச் செய்தி வந்த அன்று அவர்களுள் எத்தனையோ பேர் அதனைக் கண்டிருப்பர். வயதில் மூத்தவர் அனுப்பியது, எதற்கு வீண் மனத்தாங்கல் என்று மௌனமாயினர். அந்த மரியாதையின் விலையை மாஸ்ரர் குளியலறையிற் செலுத்தினார். மறுபுறம், இளைஞர் சிலர் மறுமொழியாக ஒரு நகைப்புப் படத்தை இட்டுப் போய்விட்டனர். நகைப்புப் படம் எவரையும் திருத்தியதில்லை. அனுப்பியவரை வெட்கப்படுத்தி, அடுத்த முறை வேறு குழுவில் அனுப்பச் செய்வதே அதன் பயன். படித்த இளைஞரும் ஏமாறாதவரல்லர். 2014இல், நுண்ணலை அடுப்பினுள் வைத்தால் ஐபோன் மின்னேறும் என்று அழகிய விளம்பரம் ஒன்றை யாரோ போலியாக ஆக்கிப் பரப்பினர். லொஸ் ஏஞ்சலிஸ் நகரக் காவற்றுறை அதனை நம்பற்க என்று எச்சரிக்க நேர்ந்தது. அதனை நம்பியவர் எம் மாஸ்ரரைப் போன்ற முதியவராய் இருந்திரார்.

எமது அபிப்பிராயம் இது. பிழையான செய்தி ஒன்றைக் கண்டால், அறிந்தவர் அனுப்பியவரைத் தனியே அழைத்துப் பேசுக. ஐயா என்றோ அண்ணை என்றோ உரிய முறையில் அழைத்தே பேசுக. அது எங்கே மெய்யாயிருந்தது, இங்கே ஏன் பொருந்தாது என்று இரண்டு வாக்கியத்திற் கூறுக. குழுவில் திருத்தத்தை வெளியிடும் பொறுப்பை அனுப்பியவரிடமே விடுக. பிறர் திருத்தினால் அது தோல்வி. தாமே திருத்தினால் அது பெருந்தன்மை. அவ்வாறு செய்ய அவர் மறுத்தால், அதன் பின்னரே பொதுவில் எழுதுக. உயிருக்கோ உடலுக்கோ உடனே கேடு வரக்கூடிய செய்தியாயின் இவ்வொழுங்கு எதனையும் பாராது அப்பொழுதே எழுதுக. எமது மின்கலக் குறிப்புக்கு நாமும் ஒரு திருத்தம் வெளியிட்டோம். முதற் குறிப்பை ஊரெல்லாம் அனுப்பியவர்கள் திருத்தத்தை அனுப்பவில்லை. சென்ற ஆண்டும் எமது பழைய குறிப்பே, எம் பெயர் நீங்கி, கொழும்பிலிருந்து எமக்குத் திரும்பி வந்தது.

மாஸ்ரர் இப்பொழுது கைத்தடியுடன் நடக்கின்றார். தொலைபேசி இரவில் அவர் தலைமாட்டில் இருக்கின்றது. சென்ற மாதம் அதே அண்டக் கதிர்ச் செய்தி, அதே 12.30, அதே 3.30, மீண்டும் அவரிடம் வந்தது. அவர் அதனை எமக்கு மாத்திரம் அனுப்பியிருந்தார். ‘வந்தடையும்’ என்றிருந்ததன் ஈற்றில் தம் கையால் இரண்டெழுத்துச் சேர்த்து, ‘வந்தடையுமாம்’ என்றாக்கியிருந்தார்.