இரைச்சலுக்கு இடையே ஒரு விசாரிப்பு

ஐப்பசி பிறந்தும் மழை இறங்காமல் கரிசல் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் வருஷங்களில், திருச்சுழி வட்டாரத்துக் கிராமங்களிலிருந்து அருப்புக்கோட்டை நூற்பாலைகளுக்கு வரும் ஸ்திரீ புருஷர்கள், உடம்பை மாத்திரம் ஆலைக்குள் கொண்டுவந்து, மனத்தை மானாவாரிப் புஞ்சையிலும் அடகுக் கடையில் கிடக்கும் நகையிலும் விட்டுவிட்டு வருகிறார்கள். அத்தகையவரின் கை ஒருநாள் தளர்ந்து, அறுந்த இழைகள் இணைக்கப்படாமல் நிற்கும்போது, மேற்பார்வையாளர் முதலில் சொல்லும் சொல் எதுவோ அதைப் பொறுத்தே அவர் மறுநாள் எந்த மனநிலையோடு வேலைக்கு வருவார் என்பது பெரும்பாலும் அமைகிறது என்று கருதுகிறேன்.

ஆலையில் பேசுவதே அருமை. ஆயிரக்கணக்கான கதிர்கள் ஏககாலத்தில் சுழலும் ரிங் பிரேம் கூடத்தில், பக்கத்து மிஷினில் நிற்பவரோடுகூட ஜாடையில்தான் பேச முடிகிறது. வாய்விட்டுச் சொல்ல வேண்டுமானால் கத்தியாக வேண்டும். கத்திச் சொல்லும் நல்ல வார்த்தையும், ஏற்கெனவே நொந்திருப்பவர் காதில் அதட்டலாகவே விழுகிறது. ஆகையால் பிழையைச் சுட்டுவதாயினும் துக்கத்தை விசாரிப்பதாயினும், கூடத்துக்கு வெளியே அழைத்துப் போய், பிறர் பார்வை படாத இடத்தில் சாந்தமாகப் பேசுவதே நியாயம். அதற்கு அவகாசம் வேண்டும். ஐந்து மணி நேர வேலைக்குள் அரைமணி ஓய்வு வேண்டுமென்றும், 500 பேருக்குக் குறையாத ஆலையில் நல அலுவலர் ஒருவர் இருக்கவேண்டுமென்றும் 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் விதித்ததன் அர்த்தம் இதையும் உள்ளடக்கியதே. உற்பத்திக் கணக்கைக் காட்டி அந்த அரைமணியைக் குறைப்பவர்கள், மனிதர் மனிதரோடு பேசக்கூடிய ஒரே வேளையை அபகரிக்கிறார்கள்.

"என்ன மதினி, மொகம் வாடிக் கெடக்கு, சாப்பிட்டீகளா?" என்று கேட்பதற்கு நம் பக்கத்துப் பெண்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. கேட்டபின் பதிலுக்குக் காத்திருப்பதுதான் கடினம். "எல்லாம் சரியாப் போகும்" என்று அவசரப்பட்டுச் சொல்லுவதும், தன் கஷ்டத்தை அதனினும் பெரிதாக எடுத்து விரிப்பதும், திறக்க இருந்த வாயை அடைத்துவிடுகின்றன. 1879-இல் திருச்சுழியில் பிறந்த ரமண மகரிஷியிடம் பாரத்தோடு வந்தவர்கள் பலர், அவர் மௌனமாக இருந்தபோதே தங்கள் துயரம் இறங்கியதாகச் சொல்லியிருக்கிறார்கள். பொறுமையாகக் கேட்டிருப்பது நம்மாலும் ஆகக்கூடியதே. கேட்டதை ஆலை வண்டியில் ஊர்க்கதையாக்காமல் காப்பதும், "இந்த வாரம் ராத்திரி ஷிப்டை நான் பார்த்துக்கிறேன்" என்று முன்வருவதும் அதனோடு சேர்ந்தவை.

உயிரை வெறுத்து ஒருவர் பேசத் தொடங்கினால், அதை ரகசியமென்று மூடிவைக்கலாகாது. உடனிருந்து, 14416 என்ற மனநல உதவி எண்ணில் பேசவைத்து, அரசு மருத்துவமனைக்குக் கூடவே போக வேண்டும். அப்படிப் போகும் இருவருக்கும் அன்றைய சம்பளத்தைப் பிடிக்காமலிருப்பது நிர்வாகத்தின் கடமை.