மருத்துவருக்கு அனுப்பும் செய்திக்குச் செயற்கை நுண்ணறிவு விடையளிக்கலாமா?

நோயாளிகள் மருத்துவருக்கு அனுப்பும் செய்திகளுக்கு மொழி மாதிரிகளைக் கொண்டு விடை வரைவு எழுதும் முறை, 2023 முதல் அமெரிக்க மருத்துவமனைகள் சிலவற்றில் நடைமுறையில் உள்ளது. மருத்துவர் அவ்வரைவைப் படித்துத் திருத்திய பின்னரே அனுப்ப வேண்டும்.

இந்தியாவில் இதற்கு வரம்பு உண்டு. 2020 மார்ச் 25 அன்று வெளியான தொலைமருத்துவ நடைமுறை வழிகாட்டுதல்களின்படி, செயற்கை நுண்ணறிவு மருத்துவருக்குத் துணைபுரியலாம்; நோயாளிக்கு ஆலோசனை கூறவோ மருந்து பரிந்துரைக்கவோ கூடாது. அவை பதிவுபெற்ற மருத்துவரின் பொறுப்பு.

வரம்பு ஏன்?
புற்றுநோயாளிகளின் வினாக்களைப் போல் அமைக்கப்பட்ட செய்திகளைக் கொண்டு நடந்த ஆய்வொன்று 2024இல் 'லான்செட் டிஜிட்டல் ஹெல்த்' இதழில் வெளிவந்தது. வரைவுகளைத் திருத்தாமல் அனுப்பினால் ஏறத்தாழ 7 விழுக்காடு கடுந்தீங்கு விளைவிக்கக்கூடும் என அது மதிப்பிட்டது. அவசரத்தைச் சரியாக உணராமையே முதன்மைக் காரணம். 'நெஞ்சு கரிக்கிறது' என்று நாகர்கோவிலிலிருந்து ஒருவர் எழுதினால், அது செரியாமையாகவும் இருக்கலாம், மாரடைப்பாகவும் இருக்கலாம். வியர்வை, மூச்சுத்திணறல் உண்டா என்று கேட்டறிந்தே முடிவுசெய்ய இயலும்.

நீங்கள் செய்ய வேண்டியவை
- வயது, அறிகுறி தொடங்கிய நேரம், உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றைத் தெளிவாக எழுதுங்கள்.
- விடையை மருத்துவர் பார்த்தாரா எனக் கேளுங்கள்.
- மருத்துவரைக் காணொளியில் கலந்தாலோசிக்க இ-சஞ்சீவனி சேவையையும், நலவாழ்வு ஆலோசனைக்கு 104 எண்ணையும் பயன்படுத்துங்கள்.
- நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், முகம் கோணுதல், பேச்சுக் குழறல் ஆகியவற்றுக்குச் செய்தி அனுப்பிக் காத்திராதீர்கள். உடனே 108ஐ அழையுங்கள்.