எழுபது ஆனதும் ஊனம் போய்விடுமா?

களுதாவளையில் நாற்பது வருடத்துக்கு மேல் வெற்றிலைத் தோட்டம் செய்தவர் ஒருவர் இப்போது கட்டிலில் இருக்கிறார். வயது எழுபத்திரண்டு. பாரிசவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. வாய் கோணி, பேச்சும் குழறுகிறது. கொழுந்து கிள்ளி, அடுக்கி, கட்டுக் கட்டிய விரல்களால் இன்று சாரத்தைக்கூட இறுக்கி உடுத்த முடியவில்லை. மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவுக்கு எழுதிப் போடலாம் என்று யாரோ சொல்ல, மனைவி வைத்தியத் துண்டுகளையெல்லாம் ஒரு பொலித்தீன் பையில் போட்டுக்கொண்டு பிரதேச செயலகத்துக்குப் போனார். மேசையில் இருந்தவர் அடையாள அட்டையை மட்டும் பார்த்தார். "ஐயாவுக்கு முதியோர் காசு வருதுதானே அம்மா? வயசு போனா இப்பிடித்தான்." பை திறக்கப்படாமலே வீடு திரும்பியது.

இந்தச் செய்தி ஊருக்குள் பரவியபோதுதான் அது ஒரு வீட்டுக் கதை அல்ல என்று தெரிந்தது. கண் மங்கி வழி தெரியாமல் போனவர், கிணற்றடியில் விழுந்து இடுப்பு முறிந்தவர், நீரிழிவால் கால் எடுக்கப்பட்டவர் என்று பலருக்கும் ஏறத்தாழ இதே பதில்தான் கிடைத்திருக்கிறது. அவர்களின் குடும்பத்தாரும் ஊரிலுள்ள மாற்றுத்திறனாளிகள் சிலரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் சேர்ந்து ஊராருக்கு விடுக்கும் வேண்டுகோள் இது.

முதலில் காசுக் கணக்கு. அரசின் நலன்புரிக் கொடுப்பனவுத் திட்டமான அஸ்வெசும 2023 யூலையில் தொடங்கியபோது மாற்றுத்திறனாளி ஒருவருக்கு மாதம் 5,000 ரூபாய், எழுபது தாண்டிய முதியவருக்கு 2,000 ரூபாய். வித்தியாசம் 3,000. 2024இல் இவை 7,500 ஆகவும் 3,000 ஆகவும் உயர்ந்தன, வித்தியாசம் 4,500. 2025 வரவு செலவுத் திட்டத்தில் முறையே 10,000, 5,000 என்றாயின, வித்தியாசம் 5,000. இரண்டு கொடுப்பனவும் கூடியது உண்மை, அதற்கு நன்றி சொல்லாமல் இருக்க முடியாது. ஆனால் ஒவ்வொரு முறை கூடும்போதும் இரண்டுக்கும் நடுவே உள்ள பள்ளமும் அகன்றே வந்திருக்கிறது. "ஊனம்" என்ற பக்கத்தில் இல்லாமல் "முதுமை" என்ற பக்கத்தில் பெயர் விழுந்தால் அந்த வீட்டுக்கு வருடத்துக்கு 60,000 ரூபாய் நட்டம். தோட்டத்துக் கூலிக்கும் போக ஆளில்லாத வீட்டில் அது மருந்துக் காசு, ஆட்டோக் காசு, துடைத்துக் கழுவ வருகிற பெண்ணுக்குக் கொடுக்கும் காசு.

ஒரே ஆளுக்கு இரண்டு காசு தர முடியாது என்று சொல்லப்படுகிறது. சரி, இரண்டும் வேண்டாம். எது பொருத்தமோ அதைத் தரட்டும் என்றுதான் இந்தக் குடும்பங்கள் கேட்கின்றன. எழுபது தாண்டியவர் மாற்றுத்திறனாளியாகப் பதிய முடியாது என்று எந்தச் சுற்றறிக்கை சொல்கிறது, எந்தப் பிரிவு சொல்கிறது என்று கேட்டால் எழுத்தில் எதுவும் காட்டப்படுவதில்லை. வாயால் சொன்னதே விதியாகிவிடுகிறது.

எழுத்தில் இருக்கும் சட்டமோ வேறு மாதிரிப் பேசுகிறது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க வலுவிழந்த ஆட்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் வகுத்த வரைவிலக்கணத்தில் வயதே இல்லை. உடலிலோ உள்ளத்திலோ உள்ள குறைபாட்டால் வாழ்க்கைத் தேவைகளை முழுமையாகவோ பகுதியாகவோ தானே நிறைவேற்றிக்கொள்ள முடியாதவர் யாரோ அவரே வலுவிழந்தவர். குறைபாடு பிறவியில் வந்ததா, பிறகு வந்ததா என்ற பேதமும் வேண்டாம் என்று அச்சட்டமே சொல்லிவிட்டது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதி செய்தது. இத்தனையும் இருக்க, ஒரு மேசையில் சொல்லப்படும் "வயசு போனா இப்பிடித்தான்" எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டுவிடுகிறது.

2012 குடிசனக் கணக்கெடுப்பும் மனிதரிடம் "கஷ்டம் இருக்கிறதா" என்றுதான் கேட்டது. ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 16,17,924 பேர், அதாவது 8.7 வீதம், ஏதோ ஒரு கஷ்டம் உள்ளவர்கள் என்று பதிவானது. பார்வையில் கஷ்டம் உள்ளவர்கள் 9,96,939. நடப்பதில் 7,34,213. கேட்பதில் 3,89,077. கண், கால், காது: முதுமை முதலில் கைவைக்கும் இடங்களும் இவைதாம். முதுமையால் வந்தவற்றையெல்லாம் கழித்துவிட்டால் இந்த எண்களில் எத்தனை மிஞ்சும்? நாட்டுக் கணக்கில் ஊனமாகச் சேர்வது கொடுப்பனவுக் கணக்கில் மட்டும் ஏன் முதுமையாகிறது? நாடும் மூத்துக்கொண்டே போகிறது. அறுபத்தைந்து தாண்டியோர் 2012இல் நூற்றுக்கு எட்டுப் பேரும் இல்லை. 2024 கணக்கெடுப்பில் பன்னிரண்டுக்கு மேல்.

மட்டக்களப்புக்கு இதில் இன்னொரு கணக்கும் உண்டு. அதை வெளியூரார் யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. 1990இல் இருபத்தைந்து வயதில் போரில் கால் இழந்தவர் இன்று அறுபதைத் தொட்டுவிட்டார். 2035இல் அவருக்கு எழுபது. குண்டுச் சன்னத்தை உடம்பில் சுமந்துகொண்டு எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் தோட்டமும் வயலும் செய்தவர்கள் கூட்டம் கூட்டமாக அந்த வயதை நோக்கி நடக்கிறார்கள். அவர்களுடைய கோப்பு அந்தப் பிறந்தநாளுக்கு மறுநாள் எந்த அலுமாரிக்கு மாறும்? இல்லாத கால் எழுபதாவது வயதில் முளைத்துவிடுமா? இன்றைக்குக் கேட்காவிட்டால் அன்றைக்குப் பதில் சொல்ல யாரும் இருக்கமாட்டார்கள்.

அறுபதுக்கும் எழுபதுக்கும் இடையே சிக்கியவர்களின் பாடு தனி. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மூத்தோர் உரிமைச் சட்டப்படி அறுபது வயதானவர் மூத்தவர். அடையாள அட்டையும் கிடைக்கும். முதியோர் கொடுப்பனவோ எழுபதில்தான். அறுபத்துமூன்று வயதில் பக்கவாதம் வந்தவரிடம் "கொஞ்சம் நடக்கிறீங்கதானே" என்று ஊனப் பதிவையும் மறுத்துவிட்டால், ஏழு வருடத்துக்கு அவர் எந்தப் பட்டியலிலும் இல்லாத ஆள். காசுக்கு வயசு போதாது, வேலைக்கு வயசு கூடிவிட்டது.

வெளிநாடுகளில் மட்டும் நீதி தேனாறாக ஓடுகிறது என்று இங்கே யாரும் சொல்லவரவில்லை. இலண்டனில் இருக்கும் நம்மூர்ப் பிள்ளைகளைக் கேட்டால் தெரியும்: அங்கே அரச ஓய்வூதிய வயதுக்கு முன் ஊனக் கொடுப்பனவு பெறத் தொடங்கியவருக்கு அது தொடரலாம், அந்த வயதுக்குப் பிறகு ஊனமானவருக்குக் கிடைப்பது வேறொரு கொடுப்பனவு, அதில் நடமாட்டத்துக்கான பங்கு கிடையாது. அவுஸ்திரேலியாவின் தேசிய ஊனக் காப்புறுதித் திட்டத்தில் சேர அறுபத்தைந்துக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். இந்திய மத்திய அரசின் ஊன ஓய்வூதியம் பதினெட்டு முதல் எழுபத்தொன்பது வயது வரை, அதுவும் எண்பது வீத ஊனம் இருந்தால், மாதம் முந்நூறு ரூபாய். ஆனால் அங்கெல்லாம் கோடு எங்கே கிழிக்கப்பட்டிருக்கிறது என்பதாவது எழுத்தில் இருக்கிறது. பிடிக்காதவர் அதைக் காட்டிச் சண்டை போடலாம். அமெரிக்காவில் நிலைமை இன்னும் வித்தியாசம். ஐம்பது, ஐம்பத்தைந்து என்று வயது ஏற ஏற, புதுத் தொழில் பழகுவது கடினம் என்று அங்கத்தைய சமூகப் பாதுகாப்பு விதிகளே ஒப்புக்கொள்கின்றன. வயது அங்கே விண்ணப்பதாரரின் பக்கம் நின்று பேசுகிறது. வாழ்நாள் முழுக்க மண்வெட்டி பிடித்தவருக்கு அறுபத்தைந்தில் கை போனால் வேறென்ன தொழில் தெரியும் என்று கேட்க நமக்கும் அந்தளவு புத்தி போதும்.

முழங்கால் வலிக்கிறதென்று ஊரிலுள்ள கிழவர் எல்லாரும் வரிசையில் நின்றால் அரசாங்கம் எங்கே போகும் என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானதுதான். அதற்குப் பிறந்த திகதியைப் பார்ப்பது மருந்தல்ல. தானே எழுந்து நிற்க முடிகிறதா, தானே குளிக்க முடிகிறதா, சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோக முடிகிறதா என்று வைத்தியர் பார்த்து எழுதட்டும். இருபது வயதுக்காரருக்கும் எழுபத்தைந்து வயதுக்காரருக்கும் ஒரே அளவுகோல் இருக்கட்டும். அந்த அளவுகோலில் ஊனம் இல்லை என்று தெரிபவரைத் திருப்பி அனுப்பினால் யாரும் குறை சொல்லப்போவதில்லை.

இனி ஊராரிடம். மேசையில் இருப்பவரை மட்டும் குற்றம் சொல்லித் தப்ப முடியாது. "மூத்தப்பாக்கு வயசு போயிட்டு" என்ற பேச்சு முதலில் கிளம்புவது வீட்டுத் திண்ணையில்தான். கோயில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி பிடிக்க ஓடும் இளைஞர்கள், பக்கத்து வீட்டுப் பெத்தாவோடு ஒரு காலை நேரம் களுவாஞ்சிக்குடி வரை போய்வர ஏன் யோசிக்கிறார்கள்? விண்ணப்பம் நிரப்பத் தெரிந்த பிள்ளைகள் இந்த ஊரில் இல்லையா? பிரதேச செயலகமும் ஆதார வைத்தியசாலையும் பஸ்ஸில் சில நிமிடத் தூரத்தில் இருக்க, ஒரு பை வைத்தியத் துண்டோடு ஒரு கிழவி தனியே போய்த் தனியே திரும்பியது யாருக்கு வெட்கம்?

செய்ய வேண்டியது பெரிய காரியம் அல்ல. ஊனம் எப்போது வந்தது, எதைச் செய்ய முடியவில்லை என்று வைத்தியரிடம் தெளிவாக எழுதி வாங்க வேண்டும். "முதுமைத் தளர்ச்சி" என்ற ஒற்றை வரியோடு திரும்பக் கூடாது. விண்ணப்பத்தின் பிரதியில் திகதியும் ஒப்பமும் பெற வேண்டும். ஏற்க மறுத்தால், காரணத்தை எழுத்தில் தரும்படி கேட்க வேண்டும். அதுவும் கிடைக்காவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது: எந்தச் சுற்றறிக்கையின் கீழ் வயது காரணமாகக் காட்டப்பட்டது என்று தகவல் உத்தியோகத்தருக்கு எழுதிக் கொடுத்தால், தருவதா மறுப்பதா என்று பதினான்கு வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்லியாக வேண்டும். ஒருவர் கேட்டால் கடிதம் மூலையில் கிடக்கும். ஐம்பது வீடு ஒரே கேள்வியைக் கேட்டால் கிடக்காது.

வீடு வீடாகப் பெயர் எடுக்க ஆட்கள் வருவார்கள். எழுபது தாண்டியவர், அறுபதுக்கும் எழுபதுக்கும் இடையில் விழுந்தவர், எழுபதை நெருங்கும் போர்க்காயக்காரர் என்று மூன்று கொப்பிகளில் பதியப்படும்; கடிதம் எழுதும் செலவும் முத்திரைச் செலவும் இந்த வேண்டுகோளை விடுக்கும் குழுவினுடையது. வீட்டில் ஊனமுற்ற முதியவரை வைத்துக்கொண்டு, கௌரவக் குறைச்சல் என்று கதவைச் சாத்துகிறவர்கள், வாக்குக் கேட்டு வருகிற கட்சிக்காரரிடம் பிறகு இதைப் பற்றி வாய் திறக்க வேண்டாம்.