வயல் மரம் வீட்டுக்குள் வரட்டும்

வீடு கட்டத் திட்டமிடும் அன்பர்களே, கட்டித்தரும் பொறியாளர்களே, ஒப்பந்ததாரர்களே,

மரம் வளர்க்கும் உழவர்களும் தச்சர்களும் கட்டடப் பொறியாளர்களும் சேர்ந்த குழுவாக இந்த வேண்டுகோளை உங்கள் முன் வைக்கிறோம். வீட்டில் மரத்தைக் குறைத்தால் காடு பிழைக்கும் என்று நம்மில் பலர் மனதார நம்புகிறோம். இரும்பு நிலை, பிவிசி கதவு, அலுமினிய ஜன்னல் என்று வைத்துவிட்டு, ஒரு மரத்தையாவது காப்பாற்றினோம் என்று நிறைவடைகிறோம். அந்த நல்லெண்ணத்தை மதிக்கிறோம். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் விடை வேறாக வருகிறது. உழவர் நிலத்தில் வளர்ந்த மரத்தைப் பிளைவுட்டாகவும் ஒட்டுச் சட்டமாகவும் மாற்றி வீட்டில் பொருத்துவதுதான் காற்றுக்கும் மண்ணுக்கும் நல்லது என்பது எங்கள் உறுதியான கருத்து.

அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். சிமென்டுக்காக அதை 1450 டிகிரி சூட்டில் சுடும்போது எரிபொருளின் புகை மட்டும் வெளியேறுவதில்லை. கல்லுக்குள் கோடிக்கணக்கான ஆண்டுகளாக இறுகிக் கிடந்த கரியமில வாயுவும் கிளம்புகிறது. சிமென்ட் உற்பத்தியில் வெளிப்படும் வாயுவில் பாதிக்கு மேல் இப்படிக் கல்லிலிருந்தே வருவது. ஆகவே எரிபொருளை மாற்றினாலும் அந்தப் பங்கு குறையாது. ஒரு மூட்டை சிமென்டுக்கு மொத்தம் ஏறக்குறைய 30 கிலோ வாயு வெளியேறுகிறது. உலகம் முழுவதும் வெளியாகும் கரியமில வாயுவில் 7, 8 சதவீதம் சிமென்டால் வருவது. இரும்பையும் அலுமினியத்தையும் உருக்க ஆகும் நிலக்கரியும் மின்சாரமும் தனி. மரத்தின் கணக்கு இதற்கு நேர் எதிர். உலர்ந்த மரத்தின் எடையில் பாதி கரி. கன மீட்டருக்கு 500 கிலோ எடையுள்ள மரத்தில் 250 கிலோ கரி இருக்கும். அதைச் சேர்க்க அந்த மரம் காற்றிலிருந்து இழுத்துக்கொண்ட வாயு சுமார் 900 கிலோ. அறுக்க, உலர்த்த, ஒட்ட ஆகும் மின்சாரத்தையும் பசையையும் கழித்தாலும் மிச்சம் பெரிதாகவே நிற்கிறது. அந்த மரம் நிலையாகவும் படியாகவும் வீட்டில் இருக்கும்வரை அந்தக் கரி காற்றுக்குத் திரும்பாது.

இதற்குத் தேக்குதான் வேண்டும் என்பதில்லை. மலைவேம்பு ஆறேழு ஆண்டில் பிளைவுட்டுக்குத் தயாராகிவிடும். அடிமரத்தை எந்திரத்தில் பொருத்திச் சுழலவிட்டு, நீளமான கத்தியால் மெல்லிய தாளாக உரித்தெடுக்கிறார்கள். மரம் ஈரம் பட்டால் நார் ஓடும் நீளவாக்கில் அநேகமாக நீளாது, குறுக்குவாக்கில்தான் உப்பும். மழைக்காலத்தில் கதவு இறுகிக்கொள்வது அதனால்தான். தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக, நார் திசையை மாற்றி மாற்றி அடுக்கி, பசையிட்டுச் சூட்டில் அழுத்தினால் ஒரு தாள் உப்புவதை அடுத்த தாள் தடுத்துவிடுகிறது. இளமரம் தனியாகத் தராத உறுதியும் நிலைப்பும் இப்படிக் கிடைக்கின்றன. கன்னியாகுமரி மாவட்டத்தில் பால் குறைந்து மறுநடவுக்காக வெட்டப்படும் ரப்பர் மரத்துக்கும் இதே வாழ்வு உண்டு: போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலை அழுத்தத்தில் ஏற்றி, உலர்த்தி, துண்டுகளின் முனையில் பல் வெட்டி, கோத்த விரல்கள் போல ஒட்டிச் சேர்த்தால் நீண்ட பலகை தயார். முன்பு அடுப்புக்குப் போன துண்டுகள் இவை.

மரம் வெட்டுவதை ஊக்குவிக்கிறீர்களா என்று கேட்பீர்கள். காட்டு மரத்தைத் தொடச் சொல்லவில்லை. காட்டைக் காக்க 1996-ல் உச்ச நீதிமன்றம் கோதாவர்மன் வழக்கில் இட்ட ஆணை நாட்டுக்குப் பெரும் காவல். ஆனால் மரத்தையே ஒதுக்குவது வேறு. மத்தியப் பொதுப்பணித் துறை 1993-ல் தன் கட்டடங்களில் மரத்துக்குத் தடை போட்டு, சுற்றுச்சூழல் அமைச்சகம் கேட்டுக்கொண்டதன் பேரில் 2020-ல் அதை நீக்கியது. உழவருக்கு மரம் விலைபோனால்தான் அடுத்த நடவு. காகித ஆலைக்கும் கொதிகலனுக்கும் மட்டுமே விற்றால் சேர்த்த கரி விரைவிலேயே காற்றுக்குத் திரும்பிவிடும். கதவாகும் மரம் பல பத்தாண்டுகள் தாங்கும். ஏரிப் புறம்போக்கு முழுக்கத் தைலமரமாக நடுவதை நாங்களும் ஏற்கவில்லை. வரப்பிலும் தரிசிலும் பல வகை மரங்களைக் கலந்து நடுங்கள் என்றே உழவர்களிடம் சொல்லிவருகிறோம்.

கரையானும் ஈரமும் உண்மையான கவலைகள். சிங்கப்பூரின் நன்யாங் பல்கலைக்கழகத்தில் 2023-ல் திறக்கப்பட்ட கையா என்ற ஆறு மாடி மரக் கட்டடம், நம்மைப் போன்ற புழுக்கத்திலும் மரத்தால் கட்டலாம் என்று காட்டியது. பின்னர் அங்கே பூஞ்சை படிந்ததாகவும் செய்தி வந்தது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் தலைமுறைகள் தாங்கிய தேக்கு உத்திரம் முதலில் உளுத்துப்போவது சுவருக்குள் புதைந்த நுனியில்தான், காற்றோட்டம் இல்லாத இடத்தில். ஆகவே மரத்தை ஈரச் சுவரில் புதைக்காமல், மழைச்சாரல் படாமல், மருந்தேற்றிய பின்பே பொருத்த வேண்டும். குளியலறைக்கும் அடித்தளத்துக்கும் மரம் வேண்டாம். தீயைப் பற்றியும் கேட்கிறார்கள். மெல்லிய பலகை எரியும், மறைக்கவில்லை. தடித்த ஒட்டு உத்திரமோ மேற்புறம் நிமிடத்துக்கு முக்கால் மில்லிமீட்டருக்கும் குறைவாகவே கருகும். அந்தக் கரிப் படலமே உள்மரத்துக்குக் கவசமாகிவிடுகிறது. காப்பில்லாத இரும்போ 550, 600 டிகிரியில் பாதி வலுவை இழந்து வளையும். பசையிலிருந்து கசியும் ஃபார்மால்டிஹைடு கண்ணையும் தொண்டையையும் உறுத்தக்கூடியது. அதனால்தான் குறைந்த கசிவைக் குறிக்கும் இ1, இ0 தரத்தைக் கேட்டு வாங்குங்கள் என்கிறோம்.

முழு வீட்டையும் மரத்தால் கட்டச் சொல்லவில்லை. பல மாடி தாங்கும் தடித்த மரப் பலகைகள் இங்கே இன்னும் எளிதில் கிடைப்பதில்லை. ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வரவழைப்பது எங்கள் நோக்கமும் அல்ல. உள் கதவுகள், நிலைகள், பரண், அலமாரி, அறைத் தடுப்பு, மாடிப்படியின் மிதிபலகை, மொட்டைமாடிக் கூரையின் சட்டங்கள் ஆகியவற்றிலிருந்து தொடங்குங்கள். பாரம் தாங்கும் சட்டம் எதுவானாலும் பொறியாளர் கணக்கிட்டுக் கொடுத்த அளவில் மட்டுமே போடுங்கள். கடைக்காரரிடம் இந்த மரம் எங்கே விளைந்தது என்று கேளுங்கள். பதில் இல்லாத சரக்கை வாங்காதீர்கள். பிளைவுட்டில் ஐஎஸ்ஐ முத்திரையையும், ஈரம் படும் இடத்துக்கு ஐஎஸ் 710 என்ற எண்ணையும் பார்த்து வாங்குங்கள். ஒப்பந்ததாரர்களே, நீங்கள் தரும் எஸ்டிமேட்டில் இரும்பு நிலைக்குப் பக்கத்திலேயே மருந்தேற்றிய வயல் மரத்தின் விலையையும் ஒரு வரி எழுதிக் கொடுங்கள். வீட்டுக்காரர் பார்த்துத் தீர்மானிக்கட்டும்.