செத்தவர் கதையும் இருப்பவர் மானமும்

வம்சாவளி தேடுவது என்பதாக ஒரு காரியம் இப்போது உலகமெங்கும் பரவி வருகிறது. முன்பு ராஜாக்களும் ஜமீன்தார்களும் புலவர்களுக்குக் கூலி கொடுத்து எழுதிக்கொண்டதை, இன்று சாதாரண மனிதனும் தானே கணினியில் எழுதி இணையத்தில் போட்டுவிடலாம். இதை நாம் குறை கூற வரவில்லை. சூரியனுக்குப் பிறந்தோம், சந்திரனுக்குப் பிறந்தோம் என்று புளுகினவர்களைவிட, தன் பாட்டன் கூலிக்காரன் என்பதைப் பழைய பதிவேட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுகிறவன் எவ்வளவோ மேல் என்பதே நமது அபிப்பிராயம்.

ஆனால் இந்த ஆராய்ச்சிக்காரர்களில் பலர் செய்கிற அக்கிரமம் ஒன்று உண்டு. செத்த பாட்டனோடு நிற்காமல், உயிரோடிருக்கும் அத்தை, மைத்துனன், அண்ணன் பிள்ளை ஆகிய எல்லாருடைய பெயர், பிறந்த தேதி, ஊர், கலியாணம், விவாகரத்து, வியாதி வரையில் எழுதி ஊரறியப் பரப்பிவிடுகிறார்கள். அந்த அத்தையை ஒரு வார்த்தை கேட்டார்களா? இல்லை. செத்தவனைப்பற்றி நூறு தஸ்தாவேஜு புரட்டுகிறவர்களுக்கு, இருப்பவளை ஒரு கேள்வி கேட்க நேரமில்லையாம்!

இதனால் என்ன கெட்டுவிடும் என்று சிலர் கேட்கலாம். மேல்நாட்டு வங்கிகள் வெகுகாலமாக, தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர் என்னவென்று கேட்டே ஆளை அடையாளம் கண்டு வந்தன. அந்தப் பெயரையும் பிறந்த தேதியையும் ஒரே பக்கத்தில் எழுதி வைப்பது, பெட்டியையும் சாவியையும் சேர்த்துத் தெருவில் வைப்பதாகாதா? பணம் போனாலும் போகட்டும். அடித்துக் கொல்லப் பார்த்த புருஷனிடமிருந்து தப்பி, வேறு ஊரில் வேறு பெயரில் பிழைக்கிற பெண்ணின் இருப்பிடத்தைக் குடும்ப மரத்தில் எழுதுகிறவன், அவள் உயிருக்கு என்ன ஜவாப் சொல்லுவான்? தத்து வந்த பிள்ளைக்குத் தான் தத்துப்பிள்ளை என்பதை ஓர் அயலான் எழுதின மரமா சொல்லவேண்டும்?

நிற்க, நடந்ததையே பார்ப்போம். அமெரிக்காவில் 23அண்ட்மீ என்று ஒரு கம்பெனி. எச்சிலை வாங்கிப் பரிசோதித்து, மரபணுவைக் கொண்டு உறவினரைக் காட்டுவது அதன் வியாபாரம். 2023ஆம் வருஷம் திருடர்கள் அதில் புகுந்தார்கள். மற்ற இடங்களில் களவுபோன கடவுச்சொற்களைக் கொண்டு அவர்கள் திறந்தது சுமார் 14,000 பேருடைய கணக்குகளைத்தான். ஆனால் உறவுத் தொடர்பின் வழியாக அவர்கள் கைக்குப் போனதோ சுமார் 69 லட்சம் பேருடைய விபரம்! பதினாலாயிரம் பூட்டுத் திறந்ததில் அறுபத்தொன்பது லட்சம் வீடு களவுபோயிற்று. உறவு என்பது அப்படிப்பட்ட சங்கிலி. 2025 மார்ச்சில் அந்தக் கம்பெனியே திவால் மனுப் போட்டது.

இதில் இன்னொரு விஷமத்தையும் கவனிக்கவேண்டும். திருடர்கள் முதலில் கடைவிரித்தது யூதர் பட்டியலையும் சீன வம்சத்தார் பட்டியலையும்தான். பிறப்பை வைத்து மனிதரைப் பட்டியல் போட்டால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஜெர்மனியே சாட்சி. 1933இல் நாஜிகள் சர்க்கார் உத்தியோகஸ்தரிடம் பாட்டன் பாட்டி யாரென்று அத்தாட்சி கேட்டார்கள். 1935இல் பாட்டன் பாட்டி நால்வரில் மூவர் யூதரானால் பேரனும் யூதனே என்று சட்டம் செய்தார்கள். மாதா கோயில் ஞானஸ்நானப் புஸ்தகங்களெல்லாம் இதற்கு உளவாயின. வம்சாவளி வெறும் பொழுதுபோக்கென்று சொல்லுகிறவர்கள் இதற்கென்ன சமாதானம் சொல்லுவார்கள்?

“உண்மையை மறைப்பது பகுத்தறிவா?” என்று ஒரு புத்திசாலி நம்மையே திருப்பிக் கேட்கலாம். உண்மையைத் தேடுவது வேறு. பிறர் உண்மையை அவர் சம்மதமின்றிச் சந்தையில் கூறுவது வேறு. “என் குடும்பம், எனக்குப் பாத்தியமில்லையா?” என்றால், அத்தைக்கும் அது அவள் குடும்பந்தானே! அவள் வாழ்க்கையை உனக்கு யார் சாஸனம் எழுதிக் கொடுத்தது?

இதற்கு வழி இல்லாமலில்லை. அமெரிக்க சர்க்கார் குடிமதிப்பில் எழுதின பெயர்களை 72 வருஷம் வெளியிடுவதில்லை. 1950இல் எடுத்ததை 2022இல்தான் திறந்தது. இங்கிலாந்தில் 1921ஆம் வருஷக் கணக்கு வெளிவர நூறு வருஷமாயிற்று. நமது சுப்ரீம் கோர்ட்டும் 2017இல், ஒன்பது நீதிபதிகள் கூடி, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. சர்க்காருக்கு இருக்கிற பொறுமை சொந்த ரத்தத்துக்கு இருக்கக்கூடாதா?

ஆகவே தோழர்களே! குடும்ப வரலாறு எழுதுங்கள், தாராளமாக எழுதுங்கள். இறந்தவரைப்பற்றி ஆதாரத்தோடு எழுதுங்கள். இருப்பவர் இடத்தில் “உயிரோடிருப்பவர்” என்று மாத்திரம் போடுங்கள். இறந்தாரா என்று தெரியாவிட்டால், பிறந்து நூறு வருஷம் தாண்டும்வரை இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். பிறருக்கு நகல் கொடுக்குமுன் இருப்பவர் விபரத்தை நீக்கிவிடுங்கள். கைமாறின நகலைத் திரும்ப வாங்க எவராலும் முடியாது. சம்மதித்தவர் விபரத்தை மட்டும், சம்மதித்த அளவு மட்டும் சேருங்கள். எடுத்துவிடு என்று அவர் சொன்னால், காரணம் கேளாமல் எடுத்துவிடுங்கள்.

செத்தவருக்குச் செய்யும் மரியாதை இருப்பவருக்கு அவமானமாக முடியுமானால், அப்படிப்பட்ட மரியாதை செத்தவருக்கும் வேண்டியதில்லை என்றே சொல்லுவோம்.