2028 மகாமகப் பணிகளை ஊர் மக்களோடு கலந்து திட்டமிடக் கோரும் மனு

அனுப்புநர்:
கும்பகோணம் நகரின் குடியிருப்போர் நலச் சங்கங்கள், வணிகர்கள், தரைக்கடைக்காரர்கள், பாத்திரத் தொழிலாளர்கள் ஆகியோரின் கூட்டுக் குழு

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், தஞ்சாவூர்
மேயர் அவர்கள், ஆணையர் அவர்கள், கும்பகோணம் மாநகராட்சி

பொருள்: 2028 மகாமகத்தையொட்டி நகரில் செய்யப்படும் பணிகளைப் பகுதி சபாக்கள் வழியாக முடிவு செய்தல், குளங்களின் நீர்வரத்தை மீட்டல், தெருக்கள், தொழில்கள், பணியாளர் நலன் தொடர்பான கோரிக்கைகள்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

2028 மாசியில் மகாமகம் வருகிறது. பல லட்சம் பேர் இந்த ஊருக்கு வந்து நீராடிவிட்டுப் போவார்கள். அவர்களுக்காகச் சாலை, குடிநீர், கழிப்பறை, விளக்கு என்று அரசின் பணம் முன்கூட்டியே வரும். 1992 மகாமகத்தில் குளக்கரை நெரிசலில் ஏறத்தாழ ஐம்பது உயிர்கள் போயின. அதை இந்த ஊர் மறக்கவில்லை. அதற்குப் பிறகு 2004-இலும் 2016-இலும் அப்படியொரு துயரம் நேராமல் கூட்டத்தை வழிநடத்திய அலுவலர்கள், காவலர்கள், பணியாளர்கள் எல்லோருக்கும் நாங்கள் நன்றிக்கடன் பட்டிருக்கிறோம். வருகிறவர்களின் பாதுகாப்பே எல்லாவற்றுக்கும் முதலில் வர வேண்டும் என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை.

நாங்கள் கேட்பது அதற்கு அடுத்தது. பந்தலைப் பிரித்து, தற்காலிகக் குழாய்களைக் கழற்றி எடுத்துக்கொண்டு போன பிறகு ஊருக்கென்று என்ன நிற்கும்? எது நிற்க வேண்டும் என்பதை ஊரைக் கேட்டு முடிவு செய்யுங்கள் என்று கேட்கவே வந்திருக்கிறோம்.

ஊரைக் கேட்பதற்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தம் வார்டு குழுக்களைக் கட்டாயமாக்கியது மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களுக்குத்தான். 2011 கணக்கெடுப்பில் கும்பகோணத்தின் மக்கள்தொகை ஒரு லட்சத்து நாற்பதாயிரம். எங்களைப் போன்ற சிறிய நகரங்கள் அந்த வரம்புக்குள் வரவே இல்லை. அந்தக் குறையைத் தமிழக அரசு 2022-இல் கொண்டுவந்த வார்டு குழு, பகுதி சபா விதிகள் தீர்த்துவைத்தன. ஜனவரி 25, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10 என ஆண்டுக்கு நான்கு நாட்கள் பகுதி சபாக் கூட்டத்துக்கென்று குறிக்கப்பட்டன. கிராம சபையில் கிராமத்து மக்களுக்கு இருக்கும் குரல் நகரத்துக்காரருக்கும் கிடைத்ததை மனமார வரவேற்றவர்கள் நாங்கள்.

ஆனால் பகுதி சபா என்றால் தெருவிளக்கு எரியவில்லை, குப்பை வண்டி வரவில்லை என்று சொல்லும் இடம் என்ற எண்ணம் பொதுவாகவே வேரூன்றிவிட்டது. மக்களும் அப்படித்தான் வருகிறார்கள். அந்தக் குறைகள் சிறியவை அல்ல. இருந்தாலும் மகாமகம் போன்ற பெரிய செலவு வரும்போது, எந்த வேலை முதலில், எந்த வேலை தேவையே இல்லை என்று சொல்லும் இடமாகவும் சபா மாற வேண்டும். ஆகவே 48 வார்டுகளிலும் மகாமகப் பணிகளுக்கென்று தனியாக ஒரு பகுதி சபாக் கூட்டம் நடத்த வேண்டும். அந்தந்தப் பகுதியில் செய்யவிருக்கும் வேலைகளின் பட்டியல், மதிப்பீட்டுத் தொகை, வேலை முடிய வேண்டிய நாள் மூன்றையும் கூட்டத்துக்குப் பதினைந்து நாள் முன்னதாகத் தமிழில் எழுதி, ரேஷன் கடை, பள்ளி, நூலகம், கோயில் வாசல்களில் ஒட்ட வேண்டும். வேலைக்குப் போகும் பெண்களும் கடை வைத்திருப்பவர்களும் வர வசதியாகக் கூட்டத்தை மாலையில் வைக்க வேண்டும். தீர்மானப் புத்தகத்தின் நகல் கேட்பவருக்குக் கிடைக்க வேண்டும். சபா சொன்ன ஒன்றை ஏற்க முடியாவிட்டால், ஏன் முடியவில்லை என்பதை எழுத்தில் தர வேண்டும். காரணம் தெரிந்தால் மக்கள் ஏற்றுக்கொள்வார்கள்.

இதில் அவசரம் காட்டுவதற்கு ஒரு காரணம் உண்டு. 2022 பிப்ரவரியில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றத்தின் ஐந்தாண்டுக் காலம் 2027 தொடக்கத்தில் முடிகிறது. மகாமக வேலைகள் மும்முரமாக நடக்க வேண்டிய ஆண்டும் அதுவே. இடையில் எது நேர்ந்தாலும் பகுதி சபாக்களின் தீர்மானங்கள் அடுத்து வருபவரின் மேசைக்கு அப்படியே போய்ச் சேர இப்போதே ஏற்பாடு வேண்டும்.

இனி குளங்கள். எங்கள் கோரிக்கைகளிலேயே மிக முக்கியமானது இதுதான்.

கும்பகோணம் காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவே கிடக்கும் ஊர். ஆற்றுத் தண்ணீர் வாய்க்கால் வழியே வந்து குளத்தை நிரப்பும். ஒரு குளம் நிரம்பி வழிந்தால் தண்ணீர் அடுத்ததற்குப் போகும். மிச்சம் வயலுக்கும் வடிகாலுக்கும் போய்ச் சேரும். ஆறு ஏக்கருக்கு மேல் பரந்து, கரையைச் சுற்றிப் பதினாறு மண்டபங்களும் உள்ளே தீர்த்தக் கிணறுகளுமாக இருக்கும் மகாமகக் குளம் உலகம் அறிந்தது. கும்பேசுவரர் கோயிலுக்கும் சாரங்கபாணி கோயிலுக்கும் நடுவே உள்ள பொற்றாமரைக் குளத்திலும் மகாமகத்தன்று கூட்டம் நீராடும். இவற்றை அரசு கவனிக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். எங்கள் கவலை பெயர் தெரியாத குளங்களைப் பற்றியது. தெருவுக்குப் பின்னால், கடைகளுக்கு நடுவே, சுற்றுச்சுவரும் இல்லாமல் ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கும் குளங்கள் அவை. அவற்றுக்குத் தண்ணீர் வந்தால்தான் அந்தத் தெருக் கிணற்றிலும் கைபம்பிலும் தண்ணீர் நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும் மழை வீட்டுக்குள் வராமல் போவதற்கும் வேறு வழி கிடையாது.

அப்படியொரு சிறு குளத்தின் நீர்வரத்தைத் தேடி எங்கள் உறுப்பினர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தார்கள். கையில் பழைய டவுன் சர்வே வரைபடத்தின் நகல் இருந்தது. வரைபடம் காட்டிய இடத்தில் வாய்க்காலைக் காணோம். பாத்திரம் துலக்கும் தொழிலிலேயே வயதாகிவிட்ட ஓர் அம்மா, தான் சிறுமியாக இருந்தபோது தண்ணீர் சத்தம் கேட்ட இடம் என்று ஒரு கடைப் படிக்கட்டைக் காட்டினார். கடைக்காரரே முன்வந்து பலகைக் கல்லை நெம்பிக் கொடுத்தார். கீழே செங்கல் வளைவு ஒன்று முழுதாக இருந்தது. சுண்ணாம்புப் பூச்சுகூட உதிரவில்லை. முக்கால்வாசி வரை சேறும் பிளாஸ்டிக் பைகளும் உடைந்த டியூப் லைட்டும் அடைத்திருந்தன. அந்த வளைவை இடிக்க வேண்டியதில்லை, புதிதாகக் கட்ட வேண்டியதும் இல்லை. சுத்தம் செய்தால் போதும். இப்படி எத்தனை இடங்களில் ஊருக்கு அடியில் வழி இருக்கிறதோ! அவற்றைத் தேடிப் பார்க்காமல் குளத்தின் படிக்கட்டுக்குக் கருங்கல் பதித்து, நடைபாதை போட்டு, வண்ண விளக்கு வைத்தால் குளம் பார்க்க அழகாக இருக்கும். தண்ணீரை மட்டும் லாரியில் கொண்டுவந்து ஊற்ற வேண்டியிருக்கும்.

ஆகவே, கரை அழகுபடுத்தும் வேலைக்கு முன் நீர்வரத்து, நீர்ப்போக்கு வழிகளை மீட்கும் வேலை நடக்க வேண்டும். வருவாய்த் துறை, நீர்வளத்துறை, இந்து சமய அறநிலையத் துறை, மாநகராட்சி நான்கும் சேர்ந்து நகரின் ஒவ்வொரு குளத்துக்கும் ஆற்று மதகிலிருந்து குளத்து மடை வரை வழியை அளந்து, கல் நட்டு, வரைபடத்தை வெளியிட வேண்டும். அளக்க வரும்போது அந்தத் தெருவின் முதியவர்களையும் உடன் அழைத்துக்கொள்ள வேண்டும். வழியில் வீடு கட்டிக் குடியிருக்கும் ஏழைக் குடும்பங்கள் இருந்தால், மாற்று இடம் தந்த பிறகே அவர்களிடம் இடத்தைக் கேட்க வேண்டும். இதில் எங்கள் கூட்டுக் குழு ஒருமனதாக இருக்கிறது. குளத்தை மீட்கிறோம் என்று சொல்லி ஒரு குடும்பத்தைத் தெருவில் நிறுத்துவதற்கு நாங்கள் துணை போக மாட்டோம்.

இந்த வேலைக்குக் காலம் கோடைதான். மேட்டூரில் ஜூன் 12 அன்று தண்ணீர் திறந்து ஆற்றில் வந்துவிட்டால் வாய்க்காலுக்குள் இறங்க முடியாது. பங்குனியில் தொடங்கி வைகாசிக்குள் முடித்தாக வேண்டும். 2027 கோடையை விட்டால் மகாமகத்துக்கு முன் வேறு கோடை கிடையாது.

காவிரிக் கரையின் டபீர், பகவத், சக்கரப் படித்துறைகளையும் இதே கணக்கில் சேர்க்க வேண்டும். குளத்தில் நீராடிய கூட்டம் கடைசியில் காவிரிக்குத்தான் போகிறது. ஆற்றில் கழிவுநீர் கலக்கும் இடங்களை அடைக்காமல் படித்துறைக்கு வெள்ளையடிப்பதில் பயனில்லை.

தெருக்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறோம். பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் மேலே புதுச் சாலை போடக் கூடாது என்று 2021-லேயே அரசு அறிவுறுத்தியது. நகரின் பழைய தெருக்களில் திண்ணை வீட்டுக்கு ஏறிப்போகும் மூன்று படிகளில் இரண்டு சாலைக்கடியில் போய்விட்டன. மழைத் தண்ணீர் ரேழிக்குள் வருகிறது. மகாமகத்துக்குப் போடும் ஒவ்வொரு சாலையிலும் இந்த அறிவுறுத்தல் கடைப்பிடிக்கப்பட வேண்டும். வேலை தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும் சாலை மட்டத்தை அளந்து பகுதி சபாவில் வைக்க வேண்டும்.

மகாமகத்தின்போது முதலில் அப்புறப்படுத்தப்படுவோர் தரைக்கடைக்காரரும் தள்ளுவண்டிக்காரருமே. கூட்டம் நடமாட இடம் வேண்டும் என்பதை அவர்களும் அறிவார்கள். 2014-ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழுவில் பத்தில் நான்கு பேர் வியாபாரிகளாக இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும். அந்தக் குழுவைக் கூட்டி, எங்கே கடை போடலாம், எத்தனை நாளைக்கு என்று முன்கூட்டியே பேசி முடித்து, அடையாள அட்டை வைத்திருப்பவர்களுக்கு மகாமக நாட்களில் மாற்று இடமும், முடிந்தபின் பழைய இடமும் உறுதி செய்ய வேண்டும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை வரும் வியாபாரத்தை உள்ளூர்ப் பூக்காரருக்கும் வெற்றிலைக்காரருக்கும் மறுத்துவிட்டு, வெளியூர் ஏலதாரருக்குக் கொடுப்பது நியாயம் ஆகாது.

இதே நியாயம் தொழில்களுக்கும் பொருந்தும். கும்பகோணத்துப் பித்தளைப் பாத்திரம், நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, சுவாமிமலை ஐம்பொன் சிலை, திருபுவனம் பட்டு என்று சுற்றுவட்டாரத்துக் கைகள் செய்பவற்றைத் தேடி மக்கள் வருவார்கள். பட்டறைக்காரர்கள் நேரடியாக விற்க, வாடகை வாங்காத ஒரு கூடம் மகாமகத்துக்கு அமைத்து, பிறகு அதை நிரந்தரமாக்கித் தர வேண்டுகிறோம். எந்த இடத்தில் என்பதைத் தொழிலாளர்களே சொல்லட்டும்.

தூய்மைப் பணியாளர்களைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். லட்சக்கணக்கானோர் விட்டுப்போகும் அழுக்கை இரவோடு இரவாக அள்ளுபவர்கள் அவர்கள். மனிதக் கழிவைக் கையால் அகற்றுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தை மதித்து, எவரையும் புதைசாக்கடைக்குள் இறக்கக் கூடாது. மகாமகத்துக்குமுன் போதிய இயந்திரங்களை வரவழைக்க வேண்டும். வெளியூரிலிருந்து அழைத்துவரப்படும் பணியாளர்களுக்குப் படுக்க இடம், குளிக்க வசதி, மூன்று வேளை சாப்பாடு, வேலை முடிந்த அன்றே முழுக் கூலி ஆகியவற்றை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்.

2004 ஜூலை 16 அன்று இந்த ஊரில் ஒரு பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகளை இழந்தோம். கீற்றுக் கூரையும் குறுகிய படிக்கட்டும் என்ன செய்யும் என்பதை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. யாத்ரீகர்கள் தங்கும் சத்திரம், மண்டபம், விடுதி, பள்ளிக் கட்டடம் ஒவ்வொன்றையும் தீயணைப்புத் துறை முன்கூட்டி ஆய்வு செய்து, தேர்ச்சி பெற்றவற்றின் பட்டியலை அவற்றின் வாசல்களில் ஒட்ட வேண்டும். பட்டியலில் இல்லாத இடத்தில் ஒருவரைக்கூடத் தங்க அனுமதிக்கக் கூடாது. இந்தக் கோரிக்கையில் எந்தத் தளர்வையும் நாங்கள் ஏற்கமாட்டோம்.

எங்கள் பங்குக்கு என்ன செய்வோம் என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஒவ்வொரு குளத்துக்கும் அந்தத் தெருவாசிகளைக் கொண்ட பராமரிப்புக் குழு அமைப்போம். நமக்கு நாமே திட்டத்தில் பொதுமக்கள் பங்குத் தொகையைச் சிறு குளங்களுக்குத் திரட்டித் தருவோம். எங்கள் உறுப்பினர்களின் வீடு, கடைகளில் வாய்க்காலை மறித்து நிற்கும் படிக்கட்டு, கூரை நீட்டல்களை நாங்களே அகற்றித் தருவோம், பட்டியல் தயாராகிக்கொண்டிருக்கிறது. அளக்கும் பணிக்கும் பகுதி சபாக் கூட்டங்களுக்கும் கல்லூரி மாணவர்களைத் திரட்டித் தரவும் ஆயத்தமாக இருக்கிறோம்.

மேற்கண்டவற்றைப் பேச, சம்பந்தப்பட்ட துறை அலுவலர்கள் அனைவரும் ஒரே மேசையில் அமரும் கூட்டம் ஒன்றை முப்பது நாட்களுக்குள் கூட்டித் தருமாறும், அந்தக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை எங்களுக்கு எழுத்தில் வழங்குமாறும் பணிவோடு வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், பொருளாளர்
மற்றும் கூட்டுக் குழு உறுப்பினர்கள்
கும்பகோணம்

நகல்:
நகராட்சி நிர்வாகம் மற்றும் குடிநீர் வழங்கல் துறைச் செயலாளர் அவர்கள், சென்னை
கண்காணிப்புப் பொறியாளர் அவர்கள், நீர்வளத்துறை, தஞ்சாவூர்
இணை ஆணையர் அவர்கள், இந்து சமய அறநிலையத் துறை
48 வார்டு மாமன்ற உறுப்பினர்கள்